கைராசி அல்ல, கைத்திறன்!

"அந்த அம்மா கைராசிக்காரர். அவர் கை பட்டால் போதும். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்து சேரலாம்."

தேவதானம், சேத்தூர், முகவூர் பக்கத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு உண்டா? நாமும் கேட்டிருக்கிறோம், நாமும் சொல்லியிருக்கிறோம். மனைவியைப் பிரசவ அறைக்குள் அனுப்பிவிட்டு, வராந்தாவில் விடிய விடிய நின்று, உள்ளே இருந்து முதல் அழுகுரல் கேட்டதும் கண் கலங்கிய தோழர்கள் நம்மில் எத்தனையோ பேர். கதவைத் திறந்துகொண்டு வந்த அந்த அம்மையாரைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. நன்றியின் மிகுதியில் வாயில் வருகின்ற சொல் அது. அதற்காக எவரையும் கடிந்துகொள்ள நாம் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது.

சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறாரே நம் தோழர், இழை அறாமல், பாவு பிசகாமல், நாளெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து தள்ளுகிறாரே, அவரைக் கைராசிக்காரர் என்றா சொல்கிறோம்? தொழில் தெரிந்தவர் என்கிறோம். தளவாய்புரத்தில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் சகோதரி, பொழுது சாய்வதற்குள் அடுக்கடுக்காக நைட்டி தைத்து வைக்கிறாரே, அது அவருடைய ராசியா? உழைப்பு என்கிறோம். உழைப்பு என்று சொன்னதால்தான் கூலி கேட்கிறோம். போனஸ் கேட்கிறோம். எட்டு மணி நேர வேலை கேட்கிறோம்.

ராசிக்கு யாரும் கூலி கேட்க முடியாது, தோழர்களே! ராசிக்குச் சம்பள விகிதம் இல்லை. ராசிக்கு ஓய்வூதியம் இல்லை. தொழிலுக்குத்தான் அவையெல்லாம் உண்டு. ஆகவே மருத்துவச்சியின் கையை ராசி என்று சொல்லிக் கும்பிடும்போது, நாம் அறியாமலே அந்தக் கையின் கூலியில் கை வைக்கிறோம். இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

10,000 பிள்ளைகள்

விழுப்புரத்தில் கதீஜா பீவி என்ற செவிலியர் 2023ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றார். 1990ஆம் ஆண்டில் அரசு சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 33 ஆண்டுகளில் அவர் பார்த்த பிரசவங்கள் 10,000க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 300 பிள்ளைகள்! தம் பணிக்காலத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவர் பறிகொடுக்கவில்லை என்பதற்காக மாநில அரசு அவருக்கு விருது வழங்கிற்று.

வேலைக்குச் சேர்ந்தபோது அவரே ஏழு மாதக் கர்ப்பிணி. தம் வயிற்றில் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு, மற்றவர்களின் பிள்ளைகளை ஏந்தியிருக்கிறார். பிள்ளை பெற்று இரண்டே மாதத்தில் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறார். அவருடைய தாய் ஜுலைகாவும் கிராமச் செவிலியர்தான். ஊசிக்குழலை விளையாட்டுச் சாமானாக வைத்து விளையாடிய குழந்தை, அதே தொழிலில் தலை நரைத்து வெளியே வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், உலகம் பெண்கள் தினம் கொண்டாடிய அன்று, அவர் பார்த்த பிரசவங்கள் எட்டு. உலகம் மேடை போட்டுப் பெண்களைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் எட்டுத் தாய்மாரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மட்டும் 50 ஜோடிக்கு மேல். ஒரு முறை மூன்று பிள்ளைகள்.

இது ராசியா? பாருங்கள்: அவர் வேலை பார்த்த நிலையத்தில் அறுவைச் சிகிச்சைக்கு வசதி கிடையாது. ஆகவே சிக்கல் என்று அறிகுறி கண்டவுடன், தாமதம் செய்யாமல் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அவர் பெற்ற பெருமையின் ரகசியம் இங்கே இருக்கிறது. தம் கைக்கு எது அடங்கும், எது அடங்காது என்பதை அறிந்த கை அது. "நானே பார்த்துவிடுகிறேன்" என்ற வீம்பு அந்தக் கையில் இல்லை. "எனக்கென்ன வந்தது, எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடலாம்" என்ற சோம்பலும் இல்லை. ஆயிரம் பேரைப் பார்த்த பிறகு வருகின்ற தீர்ப்பு அது. அனுபவம் என்றும் கல்வி என்றும் அதற்குப் பெயர்.

அந்தக் கை என்ன செய்கிறது?

பிரசவ அறையின் கதவு நமக்கு மூடியிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஆண்களாகிய நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாத வேலைக்குத்தான் ராசி என்று பெயர் வைக்கிறோம். கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

வலி கண்டு வந்த தாயின் வயிற்றில் கை வைத்து, பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று கையாலேயே படிக்கிறார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார். வலி வந்துபோன பிறகு மறுபடியும் கேட்கிறார். தாளில் கோடு இழுத்துக் குறிக்கிறார்: கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, ரத்த அழுத்தம் எவ்வளவு. அந்தக் கோடு போக வேண்டிய வழியில் போகிறதா, திசை மாறுகிறதா என்று பார்க்கிறார். வழியில் போனால் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்கிறார். பொறுத்திருப்பதும் வேலைதான், தோழர்களே! அவசரப்பட்டு வயிற்றை அமுக்காமல், வெட்ட வேண்டாத இடத்தில் வெட்டாமல், பயந்து கதறுகிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் நிற்பது லேசான காரியமா?

பிள்ளை வெளியே வந்ததும் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துக் கிடத்துகிறார். அழவில்லையென்றால் அவருக்கு இருப்பது ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் பிள்ளையின் முதுகைத் தேய்த்து, வாயையும் மூக்கையும் சுத்தம் செய்து, முகமூடி வைத்துப் பையை அமுக்கி மூச்சைக் கொடுக்க வேண்டும். அடுத்தது நஞ்சு. அது முழுதாக வந்ததா, துண்டு ஏதும் உள்ளே தங்கிற்றா என்று விரித்துப் பார்க்க வேண்டும். உதிரப்போக்கு நிற்க மருந்து போட்டு, கருப்பை கல்லாகச் சுருங்குகிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்மாரை மற்ற எதையும்விட அதிகமாகக் கொல்வது இந்த உதிரப்போக்குதான். வெளியே நாம் சர்க்கரை வாங்கி வழங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான்.

அதோடும் முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கிராம சுகாதாரச் செவிலியர் படியேறி வருகிறார். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றாதே, அதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து என்கிறார். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்ட வரும் பாட்டிமாரோடு சண்டை போடாமல், சிரித்துப் பேசியே தடுக்கிறார். தொப்புளில் சாம்பல் வைக்காதே என்கிறார். பாலூட்டத் தெரியாமல் விழிக்கும் தலைச்சன் தாய்க்குப் பிள்ளையை எப்படி அணைப்பது என்று காட்டிக் கொடுக்கிறார். ஒரு பிள்ளையை மட்டுமா பிறக்க வைக்கிறார்? ஒரு தாயையும் ஒரு தகப்பனையும் சேர்த்தல்லவா உருவாக்கிவிட்டுப் போகிறார்!

திண்டிவனத்து இரவு

அந்தக் கை இல்லாத காலம் எப்படி இருந்தது? அதே விழுப்புரம் பக்கத்தில் இருக்கிறது திண்டிவனம். 1890களில் அங்கே ஓர் அமெரிக்க மருத்துவரின் மகள், ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், தாய் தகப்பனைப் பார்க்க வந்து தங்கியிருந்தார். ஒரே இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிள்ளை பிறக்காமல் தவித்துக்கொண்டிருந்தனர். "நான் மருத்துவம் படித்தவள் அல்ல, என் தந்தை வருவார்" என்றார் அந்தப் பெண். ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் பிணமாகியிருந்தனர்.

மூன்று வீட்டாரில் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். சாதி வேறு, மதம் வேறு. மூடப்பழக்கம் மட்டும் ஒன்றே! அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை மருத்துவராக்கிற்று. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார்.

ஒரே இரவில் மூன்று சாவு கண்ட திண்டிவனம். நூறு ஆண்டு சென்று, 10,000 பிறப்புகளில் ஒரு பிள்ளையையும் இழக்காத விழுப்புரம். இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது? அந்த மண்ணுக்கு நல்ல நட்சத்திரம் வந்துவிட்டதா? இல்லை. படித்த பெண்களும், பயிற்சி பெற்ற கைகளும், சர்க்கார் செலவில் கட்டிய நிலையங்களும் வந்தன.

களத்தில் அளந்த நெல்

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். தேவதானம் என்ற சொல்லுக்கே கோயிலுக்கு விடப்பட்ட நிலம் என்று பொருள். ஊர்ப் பெயரிலேயே மானியம் இருக்கிறது. தெய்வத்துக்கு நிலம் விட்டவர்கள், பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்தவளுக்கு என்ன விட்டார்கள்?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். ஆண் முகம் மழித்தார். மனைவி பேறு பார்த்தார். இரண்டும் ஊரூழியம். அறுவடையானால் களத்தில் நெல் அளந்து போடுவார்கள். அந்தக் களத்து நெல்லுக்கு என்ன பெயர் தெரியுமா? "சுதந்திரம்" என்று பெயர்! சுதந்திரம் இல்லாதவளுக்குக் கொடுத்த நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த நாடு இது. தலைச்சன் பிள்ளையானால் ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் சில்லறை. நள்ளிரவில் ஆள் அனுப்பினால் மழையானாலும் இருட்டானாலும் வந்தாக வேண்டும். வர மறுக்கும் உரிமை அவளுக்கு இல்லை.

பிள்ளையை முதன்முதல் தொட்டவள் அவள். தொப்புள்கொடி அறுத்தவள் அவள். தாயின் ரத்தத்தைக் கழுவியவள் அவள். வேலை முடிந்ததும் அவளுக்குத் தீட்டு! எந்தப் பிள்ளையைத் தன் கையில் ஏந்திக் குளிப்பாட்டினாளோ, அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, அவளைத் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்துப் பேசிற்று. பிறக்கும்போது தொட்ட கை, பிறந்த பிறகு தொடக்கூடாத கையாகிவிட்டது. இதைவிடக் கொடுமையான நன்றிகெட்டதனம் வேறு எந்த நாட்டில் உண்டு?

அதற்காகப் பழைய காலத்தை நாம் போற்றிப் பாடவும் வரவில்லை. அந்தத் தாய்மாரின் கையில் அனுபவம் இருந்தது, கல்வி கொடுக்கப்படவில்லை. கொடியை அறுத்த கத்தி கொதிநீரில் போட்ட கத்தி அல்ல. பிறந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் விறைத்து, இழுப்பு வந்து மாண்டன. ஊரார் அதைப் பேய் என்றனர், பார்வை பட்டது என்றனர். அது ரணஜன்னிக் கிருமி! கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான கை, சுத்தமான கத்தி, சுத்தமான நூல் என்று வந்ததும் அந்தப் பேய் ஓடிவிட்டது. 2015ஆம் ஆண்டில், தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை ஒழித்துவிட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அறிவித்தது. மந்திரவாதி ஓட்டாத பேயை ஊசியும் சோப்பும் ஓட்டின.

கை கழுவிய கதை

படிக்காத மருத்துவச்சியால்தான் சாவு, பெரிய டாக்டரிடம் போனால் பிழைப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1840களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தனர். டாக்டர்களின் பகுதியில் சூதிகா ஜுரம் கண்டு செத்த தாய்மார், மருத்துவச்சிகளின் பகுதியில் செத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! டாக்டர்களின் பகுதியில் சேர்க்காதீர்கள் என்று ஏழைப் பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்கள்.

செம்மல்வெய்ஸ் என்ற இளம் மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். டாக்டர்கள் பிண அறையில் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847இல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டு உள்ளே போ என்று உத்தரவிட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. மேதாவிகள் ஒப்புக்கொண்டார்களா? "கனவான்களின் கை அசுத்தமாகுமா?" என்று கோபம் கொண்டார்கள். அந்த மனிதர் 1865இல் மனநல விடுதியில் மாண்டார்.

இதிலே நமக்குப் பாடம் என்ன? பட்டம் மட்டும் உயிர் காப்பதில்லை. அனுபவம் மட்டும் காப்பதில்லை. விஞ்ஞானம் தெரிந்த கை காக்கிறது, அது யார் கையாக இருந்தாலும்! டாக்டர் கையைக் கழுவ வேண்டும். சர்க்கார்தான் கைகழுவிவிடக் கூடாது.

தமிழ்நாடு நடந்த வழி

தமிழ்நாட்டில் சர்க்கார் கைகழுவாத அளவுக்கு உயிர்கள் பிழைத்திருக்கின்றன. 1992-93இல் இங்கே நூற்றுக்கு 64 பிரசவங்களே ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21இல் நூற்றுக்கு 99க்கு மேல். லட்சம் பிறப்புக்கு இத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்று ஒரு கணக்கு எடுக்கிறார்கள். 2001-03இல் அது தமிழ்நாட்டில் 134. இந்தியா முழுவதற்கும் 301. 2018-20இல் தமிழ்நாட்டில் 54, இந்தியாவுக்கு 97.

8,700க்கு மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள், 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், இறந்துபோன ஒவ்வொரு தாயின் சாவுக்கும் காரணம் விசாரிக்கும் முறை, 2008இல் வந்த 108 வண்டி, பட்டினியோடு பிள்ளை பெறாதிருக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் கொடுக்கும் உதவித்தொகை ஆகிய இவையெல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. இந்தப் பணியை ஒரு கட்சியின் ஆட்சி தொடங்க, அடுத்த கட்சியின் ஆட்சி தொடர்ந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம்.

ஆனால் 54 என்பது சின்ன எண்ணா? அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் பிள்ளைகள் பிறந்த மாநிலத்தில், கிட்டத்தட்ட 500 தாய்மாரின் சாவு அது. அண்டையில் இருக்கும் கேரளத்தில் அதே காலத்தில் அந்தக் கணக்கு 19. நாம் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

விருது போதுமா?

விருது கொடுத்தார்கள், நல்லது. கர்நாடகத்தில் பாவகடா பகுதியைச் சேர்ந்த நரசம்மா என்ற மூதாட்டி, 70 ஆண்டு காலம் காசு வாங்காமல் 15,000க்கு மேல் பிரசவம் பார்த்தார். கன்னடத்தில் மருத்துவச்சிக்குச் "சூலகித்தி" என்று பெயர். அந்தப் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே 98 வயதில் காலமானார். வாழ்நாள் முழுவதும் வாங்காத கூலிக்குக் கடைசி ஆண்டில் ஒரு பதக்கம்!

ஒருவருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு? 2015இல் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தேர்வு எழுதிவந்த செவிலியர்களை என்ன சம்பளத்துக்கு எடுத்தார்கள்? மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சு, இரண்டு ஆண்டில் நிறைவேறவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் சென்னைக்கு வந்து தரையில் உட்கார்ந்து போராடினார்கள். சம்பளம் பிறகு உயர்ந்தது என்றாலும், தொகுப்பூதியம் என்ற சொல் ஒழியவில்லை. ராசிக்காரியைக் கும்பிடு, தொழிலாளியைத் தொகுப்பூதியத்தில் வை! இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று துணை, தோழர்களே.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 கத்தியில் முடிகின்றன. அரசு ஆஸ்பத்திரியில் 36. தனியார் ஆஸ்பத்திரியில் 64! அறுவைச் சிகிச்சை பாவமல்ல. வேண்டிய இடத்தில் அது எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நூற்றுக்கு 10க்கு மேல் போனால் அதனால் சாவு மேலும் குறைந்ததாகக் காணவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்துவிட்டது. அப்படியிருக்க 64 எதற்கு? எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பொறுத்திருக்க ஆள் இல்லை. ஒரு மணி நேரத்தில் அறுத்து முடித்தால் கட்டணமும் பெரிது. பொறுத்திருக்கத் தெரிந்த கை குறையக் குறைய, கத்தி பெருகுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்டத் தாலியை அடகு வைப்பது யார்? ஆலைத் தொழிலாளி, தறித் தொழிலாளி, தோப்புக் கூலி.

உலகத்தில் 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்று 2021இல் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும் உலக சுகாதார நிறுவனமும் கணக்குச் சொல்லின. இந்திய அரசே 2018 டிசம்பரில், செவிலியருக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவத்தை அவர் பொறுப்பிலேயே விடலாம் என்று வழிமுறை வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டே தெலங்கானா தொடங்கிவிட்டது. வழி தெரிகிறது; நடப்பதுதான் பாக்கி.

ஆகவே நாம் கேட்பது நான்கு. முதலாவது, பிரசவ அறையில் தொகுப்பூதியம் கூடாது; நிரந்தர வேலை, நிரந்தரச் சம்பளம். இரண்டாவது, மகப்பேறு பார்ப்பதைத் தனித் தொழிலாக ஏற்று, பயிற்சியும் பதவியும் அதிகாரமும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, கிராம சுகாதாரச் செவிலியரைக் கணினிப் பதிவிலும் புள்ளிவிவரத்திலும் அழுத்தி வைக்காமல் தாயின் பக்கத்தில் இருக்க விட வேண்டும். காலி இடங்கள் ஒன்றுவிடாமல் நிரப்பப்பட வேண்டும். தேவதானத்து மலையடிவாரத் தோப்பில் வேலை செய்யும் பெண்ணுக்கு நள்ளிரவில் இடுப்புவலி கண்டால், பக்கத்து நிலையத்தில் விளக்கு எரிய வேண்டும்; உள்ளே தொழில் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். நான்காவது, பேறுகால விடுமுறை. தொழிலாளர் பெண்களுக்குப் பேறுகாலப் பாதுகாப்பு வேண்டுமென்று 1928இலேயே பம்பாய்ச் சட்டசபையில் அம்பேத்கர் வாதாடினார். 1961இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2017இல் அது 26 வாரமாயிற்று. ஆனால் வீட்டுத் தறியிலும் வீட்டுத் தையலிலும் தோப்பிலும் உழைக்கும் தாய்க்கு அந்த 26 வாரம் எட்டவில்லை. அது எட்டுகிற வரை நம் வேலை முடியாது.

நம் பங்கு

சர்க்காரைக் கேட்டாயிற்று. இனி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

பெண் பிள்ளை என்று கேள்விப்பட்டதும் மனைவியைப் பார்க்கவே வராத கணவன்மார்கள் உண்டு. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால், வலி தீர்ந்த பிறகும் தாய் அழுகிறாள். கதீஜா பீவியும் இதைக் கண்டு வருந்தியவர். நம் அணியில் அப்படி ஒரு தோழர் இருந்தால் அவர் தெரிந்துகொள்ளட்டும்: ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. குறை சொல்வதானால் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும்! ஆனால் பெண் பிறப்பதில் குறை எங்கே இருக்கிறது? சமத்துவம் பேசும் வாய் வீட்டில் வேறு பேசக்கூடாது.

பிரசவம் பெண்கள் சமாச்சாரம் என்று தேநீர்க் கடைக்கு நழுவுவதும் வேண்டாம். மாதப் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியை விட்டுக் கூடப் போங்கள். ரத்தச் சோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாளா என்று கேளுங்கள். உதிரப்போக்கில் உயிர் போகிறது என்று மேலே சொன்னோம்; அந்த உயிரைத் திருப்பிக் கொண்டுவருவது ரத்தம். ஊருக்கு 20 தோழர்கள் தம் ரத்த வகையை எழுதி, துணை சுகாதார நிலையத்தில் கொடுத்து வைக்கட்டும். கொடி பிடிக்கிற கை அதற்கும் நீளட்டும்.

ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் நெய்த துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. எங்கோ ஓர் ஊரில், நம் தறியில் ஓடிய துணியால் ஒரு செவிலியர் புதுப் பிள்ளையின் முகம் துடைக்கிறார். நெய்தவர் தொழிலாளி, துடைப்பவரும் தொழிலாளி. ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்து நிற்பவர்கள் நாம். நம் கூலிக்கு அவர் குரல் கொடுக்க வேண்டுமென்றால், அவர் கூலிக்கு நம் குரல் முதலில் எழட்டும்.

அடுத்த முறை, வராந்தாவில் நிற்கும்போது, உள்ளே அழுகுரல் கேட்டு, அந்த அம்மையார் கதவைத் திறந்து வருவார். கும்பிடுங்கள், தவறில்லை. ஆனால் கைராசி என்று சொல்லாதீர்கள். "அம்மா, உங்கள் தொழில் பெரியது" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர்கள் சங்கம் கூப்பிடும் நாளில் பக்கத்தில் போய் நில்லுங்கள்!